மறதி நோய்க்குப் போத்தலில் மருந்து உண்டா?

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் பிள்ளைகளின் பயணப் பொதிகளில், சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் அடுத்தபடியாக இப்போது தவறாமல் இடம்பிடிப்பது மாத்திரைப் போத்தலாகும். மீனெண்ணெய்க் குளிசை, ஜின்கோ இலைச் சாறு, பல்விற்றமின், மஞ்சள் சத்து என்று பெயர்கள் பலவாயினும், அம்மாவின் மறதிக்கு, அப்பாவின் தடுமாற்றத்துக்கு இது நல்லதாம் என்ற ஒரே நம்பிக்கையே அவற்றை இங்கு கொண்டுவந்து சேர்க்கிறது. போத்தலின் முகப்பில் ‘நினைவாற்றலுக்குத் துணைபுரியும்’ என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பின்புறத்தில், பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தால் மாத்திரமே வாசிக்கக்கூடிய எழுத்தில், இப்பொருள் எந்தவொரு நோயையும் கண்டறிவதற்கோ, குணப்படுத்துவதற்கோ, தடுப்பதற்கோ உரியதல்ல என்ற வாசகமும் காணப்படும். இவ்விரு வாசகங்களில் எதனை நம்புவது என்பதே இங்கு ஆராயப்படும் விடயமாகும்.

வயது முதிர்ந்தவரின் பேச்சும் நினைவும் தடுமாறத் தொடங்கினால் ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்று கூறிவிட்டு அப்பால் நகர்வது எமது சமூகத்தின் நெடுங்கால வழக்கம். முதுமையின் இயல்பான அம்சமாக அது கருதப்பட்டதே இதற்குக் காரணம். ஆனால் சாவியை வைத்த இடம் மறப்பதும், சாவி எதற்கு என்பதே மறந்துபோவதும் ஒன்றல்ல. பின்னையதுதான் மறதி நோய். அது தனியொரு நோயின் பெயரன்று. மூளையின் நரம்புக் கலங்கள் பல்வேறு காரணங்களால் சிதைவதனால் தோன்றும் நிலைமைகளின் பொதுப் பெயராகும். அவற்றுள் முதலிடம் வகிப்பது அல்ஸைமர் நோய். மூளையின் குருதிக் குழாய்கள் பாதிக்கப்படுவதால் ஏற்படும் மறதி நோய் அதற்கு அடுத்ததாக வைத்து எண்ணப்படுகிறது. ராகமைப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்டோரிடையே நடத்தப்பட்டு 2003 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர் மறதி நோய்க்கு ஆளாகியிருந்ததாகக் கண்டறிந்தது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதைத் தாண்டியோர் 12.4 வீதம். அத்தொகை அன்றிலிருந்து ஏறுமுகமாகவே இருந்து வருகின்றது.

அல்ஸைமர் நோயில் அமிலொயிட், டௌ எனப்படும் இருவகைப் புரதங்கள் மூளையில் படிந்து கலங்களைச் செயலிழக்கச் செய்கின்றன. முதலாவது மறதி வெளிப்படுவதற்குப் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரேயே இப்படிவு ஆரம்பமாகிவிடுகிறது. டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், கலன்ரமின் ஆகிய மருந்துகள் எஞ்சியிருக்கும் கலங்களிடையிலான செய்திப் பரிமாற்றத்தைச் சிறிது காலத்துக்கு மேம்படுத்துகின்றனவேயன்றி நோயின் போக்கை நிறுத்துவதில்லை. அமிலொயிட் படிவை அகற்றும் லெகானெமாப், டொனானெமாப் என்னும் ஊசி மருந்துகளுக்கு ஐக்கிய அமெரிக்கா முறையே 2023 ஆம், 2024 ஆம் ஆண்டுகளில் முழு அனுமதி வழங்கியது. அவையும் நோயின் ஆரம்பக் கட்டத்தில் சரிவைச் சற்றுத் தாமதப்படுத்துவனவே. மூளையில் வீக்கமோ குருதிக்கசிவோ ஏற்படுகின்றதா என்று அடிக்கடி ஸ்கான் செய்து பார்க்கவேண்டிய, சாதாரண குடும்பங்களுக்கு எட்டாத விலையுள்ள மருந்துகள் அவை. வைத்தியர் ‘இதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று கைவிரிக்கும் அந்த இடத்தில்தான் மாத்திரைப் போத்தல் உள்ளே நுழைகிறது. அதனை வாங்கி அனுப்பும் மகனையோ மகளையோ குறைகூற முடியாது. தூரதேசத்தில் இருந்துகொண்டு பெற்றோருக்காக அவர்களால் செய்யக்கூடியதாகத் தோன்றும் ஒரே காரியம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கின்றது.

இத்தகைய பொருட்களுள் மிகவும் புகழ்பெற்றதும், மிகவும் நுணுக்கமாக ஆராயப்பட்டதும் ஜின்கோ ஆகும். கிழக்காசியாவைச் சேர்ந்த பழைமைமிக்க மரமொன்றின் இலையிலிருந்து வடிக்கப்படும் சாறு இது. ஜேர்மனியில் பல ஆண்டுகளாக மருந்தாகவே வழங்கப்பட்டு வருகிறது. குருதியோட்டத்தைச் சீராக்கும், கலங்களைச் சிதைவிலிருந்து காக்கும் என்ற ஆய்வுகூட முடிவுகள் பெரும் எதிர்பார்ப்பைத் தோற்றுவித்தன. அந்த எதிர்பார்ப்பைச் சரிபார்க்க அமெரிக்க அரசின் நிதியுதவியுடன் மாபெரும் பரிசோதனையொன்று மேற்கொள்ளப்பட்டது. 75 வயதும் அதற்கு மேற்பட்டோருமான 3,069 பேர் இரு பிரிவினராக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு இருமுறை 120 மில்லிகிராம் ஜின்கோவும், மற்றப் பிரிவினருக்கு அதேபோன்ற தோற்றமுடைய, மருந்தேதுமற்ற வெறும் மாத்திரையும் வழங்கப்பட்டன. யாருக்கு எது கிடைத்தது என்பது உண்டவர்க்கும் தெரியாது, பரிசோதித்த வைத்தியர்களுக்கும் தெரியாது. சுமார் ஆறு ஆண்டுகள் இவ்வாறு கண்காணிக்கப்பட்டதன் பின்னர், 2008 ஆம் ஆண்டு நவம்பரில் முடிவு வெளியாயிற்று. வெறும் மாத்திரை உண்டோரில் 246 பேருக்கு மறதி நோய் கண்டிருந்தது. ஜின்கோ உண்டோரில் 277 பேருக்குக் கண்டிருந்தது. இவ்வித்தியாசம் தற்செயலானதாக இருக்கலாம் என்பதால் ஜின்கோ நோயை வருவித்தது எனக் கூறமுடியாது. ஆனால் அது நோயைத் தடுத்தது என்று கூறுவதற்கு எள்ளளவும் இடமில்லாமற் போயிற்று. பிரான்ஸில் 70 வயதுக்கு மேற்பட்ட 2,854 பேரிடம் ஐந்தாண்டுகள் நடத்தப்பட்டு 2012 இல் வெளியான மற்றொரு பரிசோதனையும் இதே முடிவையே எட்டியது. ஏற்கனவே நோயுற்றோருக்கு ஜின்கோ சிறிதளவு ஆறுதல் தரலாம் என்று கூறும் சிறு ஆய்வுகள் உண்டு. அவற்றை மறுக்கும் ஆய்வுகளும் உண்டு. நோய் வராமல் தடுக்கும் என்பதற்காக உண்பவரைப் பொறுத்தவரையில் விடை கிடைத்தாயிற்று.

விடை கிடைத்த பின்னரும் ஜின்கோ போத்தல்கள் கடைத்தட்டுகளை விட்டு அகலவில்லை. இதற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் 1994 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று, இத்தகைய துணைச்சத்துப் பொருட்களை மருந்துகளாகக் கருதாமல் உணவின் ஒரு பிரிவாக வகைப்படுத்திற்று. மருந்தொன்றை விற்பனைக்கு விடுவதற்கு முன்னர் அது பயன்தருவது, பாதுகாப்பானது என்று உற்பத்தியாளர் நிரூபிக்க வேண்டும். துணைச்சத்துக்கு அந்தக் கடப்பாடு இல்லை. அல்ஸைமரைக் குணப்படுத்தும் என்று எழுதினால் குற்றம். நினைவாற்றலுக்குத் துணைபுரியும் என்று எழுதினால் குற்றமில்லை. வாங்குபவரின் காதில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும் என்பது எழுதுபவருக்குத் தெரியாததல்ல. அந்த எல்லையையும் தாண்டியவர்கள் பலர். 2019 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அல்ஸைமர் போன்ற நோய்களுக்குச் சிகிச்சை எனக் கூறி 50 க்கும் மேற்பட்ட பொருட்களை விற்றுவந்த 17 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்களை அனுப்பியது.

‘பிரெவஜென்’ என்ற மாத்திரையின் கதை இவ்வகையில் விரிவாக அறியப்பட வேண்டியதாகும். ஒளிரும் ஜெலிமீன் ஒன்றின் உடலில் உள்ள அக்குவோரின் என்ற புரதத்தை ஜப்பானிய விஞ்ஞானி ஒசாமு ஷிமோமுரா 1962 ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தார். அதே ஜெலிமீனில் அவர் கண்ட மற்றொரு ஒளிரும் புரதம் அவருக்கு 2008 ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபல் பரிசின் ஒரு பங்கைப் பெற்றுக்கொடுத்தது. அக்குவோரினின் ஒரு கூறினைத் தொழிற்சாலையில் தயாரித்து மாத்திரையாக்கி, நினைவாற்றலைப் பெருக்குமென விளம்பரம் செய்தது அமெரிக்க நிறுவனமொன்று. 2007 முதல் 2015 வரையில் மாத்திரம் அதன் விற்பனை சுமார் 16 கோடி 50 இலட்சம் டொலர்கள். நிறுவனம் தானே 218 பேரிடம் 90 நாட்கள் நடத்திய பரிசோதனையில், மாத்திரை உண்டவர்களுக்கும் வெறும் மாத்திரை உண்டவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. அதன்பின் அந்தத் தரவுகளை முப்பதுக்கும் மேற்பட்ட விதங்களில் துண்டாடி, அவற்றுள் சாதகமாகத் தோன்றிய ஓரிரு துண்டுகளை எடுத்துக்கொண்டு ‘ஆய்வுகூடத்தில் நிரூபிக்கப்பட்டது’ என்று விளம்பரம் தொடர்ந்தது என்பதே குற்றச்சாட்டு. ஒரு நாணயத்தை நூறு தடவை சுண்டிவிட்டு, தொடர்ந்து ஐந்து தடவை தலை விழுந்த பகுதியை மாத்திரம் படம்பிடித்துக் காட்டுவதற்கு இது ஒப்பாகும்.

போதாக்குறைக்கு, உட்கொள்ளப்படும் புரதம் இறைச்சியோ பருப்போ போன்று வயிற்றில் சமிபாடடைந்துவிடும்; அது முழுமையாக மூளையைச் சென்றடைவதற்கு வழியேது என்ற கேள்வியும் எழுப்பப்பட்டது. அமெரிக்க சமஷ்டி வர்த்தக ஆணைக்குழுவும் நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபரும் 2017 ஆம் ஆண்டு ஜனவரியில் வழக்குத் தொடர்ந்தனர். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இழுபட்ட வழக்கில் 2024 ஆம் ஆண்டு டிசம்பரில்தான், நினைவாற்றலை மேம்படுத்தும் என்று விளம்பரம் செய்வதற்கு நீதிமன்றம் தடைவிதித்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை போத்தல்கள் கடல்கடந்து சென்றிருக்கும் என்பதற்குக் கணக்கில்லை.

விற்றமின்களின் கதை இவ்வளவு நேரானதல்ல. விற்றமின் ஈ இனை எடுத்துக்கொண்டால், ஏற்கனவே அல்ஸைமர் நோயுற்ற 613 அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடத்தப்பட்டு 2014 இல் வெளியான பரிசோதனையில், நாளொன்றுக்கு 2,000 அலகுகள் உண்டவர்களின் அன்றாடச் செயற்பாட்டுத் திறன் வீழ்ச்சியடைவது சுமார் ஆறு மாதங்கள் தாமதமாயிற்று. நினைவாற்றல் தேர்வில் பயன் தெரியவில்லை. மறுபுறம், இலேசான நினைவுக் குறைபாடு உடைய 769 பேரிடம் நடத்தப்பட்ட 2005 ஆம் ஆண்டின் பரிசோதனையில் விற்றமின் ஈ நோயைத் தடுக்கவில்லை. அதே ஆண்டில் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, நாளொன்றுக்கு 400 அலகுகளும் அதற்கு மேலும் உண்போரிடையே மரண வீதம் சற்று அதிகரிப்பதாகக் கூறிற்று. 2011 இல், அதே 400 அலகுகள் ஆண்களுக்குப் புரொஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பை 17 வீதத்தால் உயர்த்தியதாக மற்றொரு பெரும் பரிசோதனை அறிவித்தது. வைத்தியரின் கண்காணிப்பில் குறிப்பிட்ட சில நோயாளருக்குக் கொடுக்கப்படக்கூடிய ஒன்றை, கடையில் வாங்கி வீட்டிலுள்ள முதியோர் அனைவருக்கும் கொடுப்பது வேறு விடயம் என்பதை இது காட்டுகின்றது.

மீனெண்ணெயைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. அல்ஸைமர் நோயாளர் 402 பேருக்கு 18 மாதங்கள் ஒமேகா-3 கொழுப்பமிலம் கொடுத்துப் பார்த்த பரிசோதனை 2010 இல் பயனின்றி முடிந்தது. வாரத்தில் இரண்டு நாட்கள் சாளையோ சூடையோ உண்பது எல்லாவகையிலும் நல்லது. அதற்குப் போத்தல் தேவையில்லை. பல்விற்றமின் மாத்திரை மாத்திரம் அண்மைக்காலத்தில் சிறு நம்பிக்கையைத் தோற்றுவித்திருக்கின்றது. அமெரிக்காவில் 2,000 க்கும் மேற்பட்ட முதியோரிடம் மூன்றாண்டுகள் நடத்தப்பட்டு 2022 இல் வெளியான பரிசோதனையிலும், அதனைத் தொடர்ந்த மற்றொன்றிலும், தினமும் பல்விற்றமின் உண்டோர் நினைவுத் தேர்வுகளில் சற்று மேலான புள்ளிகள் பெற்றனர். இவர்கள் நோயற்ற முதியவர்கள் என்பதும், மறதி நோய் தடுக்கப்பட்டதாக எவரும் கூறவில்லை என்பதும் நினைவிற் கொள்ளப்பட வேண்டும்.

பி-12 என்ற விற்றமினின் நிலை முற்றிலும் வேறானது. இது குறைந்தால் உண்மையாகவே மறதியும் குழப்பமும் ஏற்படும், கால்கள் விறைக்கும், நடை தள்ளாடும். விலங்குகளிலிருந்து பெறப்படும் உணவுகளில் மாத்திரமே இயற்கையாக அமைந்திருப்பதால், பாலும் தயிரும் போதியளவு உட்கொள்ளாத சைவ போசனக்காரருக்கு இக்குறைபாடு எளிதில் ஏற்படலாம். முதுமையில் வயிறு இதனை உறிஞ்சும் ஆற்றல் குறைகிறது. நீரிழிவுக்காக ஆண்டுக்கணக்கில் மெற்போமின் உண்போருக்கும், நெஞ்செரிவுக்கு ஒமிப்பிரசோல் உண்போருக்கும் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு அதிகம். எமது நாட்டில் நீரிழிவு நோயாளரின் தொகையை எண்ணிப் பார்த்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும். குறைபாடு உள்ளவருக்குப் பி-12 மருந்தாகும். குறைபாடு இல்லாத அல்ஸைமர் நோயாளர் 409 பேருக்கு அதிக அளவில் பி வகை விற்றமின்களைக் கொடுத்த 2008 ஆம் ஆண்டுப் பரிசோதனையில் நோயின் வேகம் குறையவில்லை. ஒரே மாத்திரை ஒருவருக்கு அருமருந்தாகவும் மற்றவருக்கு வெறும் செலவாகவும் இருப்பது இதனாலேயே. இவ்விருவரையும் வேறுபடுத்துவது ஒரு குருதிப் பரிசோதனை.

எமது அடுக்களைக்கு நெருக்கமான பொருட்களையும் பார்ப்போம். தேங்காயெண்ணெய் அல்ஸைமரைக் குணப்படுத்துமென்ற செய்தி புலம்பெயர்ந்த உறவினர் ஊடாகவே எம்மிடம் திரும்பி வந்தது என்பது வேடிக்கையானது. அமெரிக்காவின் புளோரிடாவைச் சேர்ந்த மேரி நியூபோர்ட் என்ற குழந்தை வைத்தியர், நோயுற்ற தமது கணவருக்கு 2008 ஆம் ஆண்டில் தேங்காயெண்ணெய் கொடுத்ததையும், மணிக்கூட்டின் முகத்தை வரையமுடியாதிருந்த அவர் இரு வாரங்களில் ஓரளவு திருத்தமாக வரைந்ததையும் எழுதினார். அச்செய்தி உலகெங்கும் பரவிற்று. அவரது கணவர் 2016 இல் காலமானார்; அச்செய்தி அவ்வளவாகப் பரவவில்லை. இக்கோட்பாட்டில் அடிப்படை இல்லாமலில்லை. அல்ஸைமர் கண்ட மூளை குளுக்கோஸை நன்கு பயன்படுத்துவதில்லை. சிலவகைக் கொழுப்புகளிலிருந்து ஈரலில் உண்டாகும் கீற்றோன்கள் அதற்கு மாற்று எரிபொருளாகலாம். ஆயினும் தேங்காயெண்ணெயில் பாதியளவுக்கு இருப்பது லோரிக் அமிலம். கீற்றோனை இலகுவில் தரும் கொழுப்பமிலங்களின் பங்கு அதில் சிறிதளவே.

இதனைப் பரிசோதித்துப் பார்த்ததில் இலங்கை ஆய்வாளர்களுக்கு முக்கிய பங்குண்டு என்பது எம்மில் பலர் அறியாதது. மிதமான அல்ஸைமர் நோயாளர் 120 பேர் சேர்த்துக்கொள்ளப்பட்டு, ஒரு பிரிவினருக்கு நாளாந்தம் 30 மில்லிலீற்றர் சுத்தமான தேங்காயெண்ணெயும் மற்றவர்களுக்கு அதேயளவு கனோலா எண்ணெயும் 24 வாரங்களுக்கு வழங்கப்பட்டன. 84 பேர் இறுதிவரை நிலைத்திருந்தனர். 2023 இல் வெளியான முடிவின்படி, ஒட்டுமொத்தமாக நோக்குமிடத்து இரு பிரிவினருக்குமிடையே வேறுபாடு இல்லை. அல்ஸைமருக்கான குறிப்பிட்ட மரபணுக்கூறு உடையோரிடம் மாத்திரம் சிறு முன்னேற்றம் தென்பட்டது. அது மேலும் ஆராயத்தக்கது. ஆனால் ஜெலிமீன் மாத்திரையின் கதையைப் படித்தவர், உட்பிரிவு ஒன்றில் தென்படும் முன்னேற்றத்தை எவ்வளவுக்கு நம்பலாம் என்று அறிந்திருப்பார். குருதியில் கெட்ட கொலஸ்திரோல் மிகுவது மறதி நோய்க்கு ஓர் ஆபத்துக் காரணி என்று 2024 ஆம் ஆண்டில் லான்செற் மருத்துவ இதழின் ஆணைக்குழு சேர்த்துக்கொண்டதையும், தேங்காயெண்ணெய் அதனை உயர்த்தக்கூடியது என்பதையும் இதனுடன் சேர்த்தே எண்ண வேண்டும்.

வல்லாரையும் நீர்ப்பிரமியும் நினைவுக்கு நல்லவை என்பது சித்த, ஆயுர்வேத மரபுகளின் துணிபு. நீர்ப்பிரமிச் சாற்றை மூன்று மாதமளவில் உண்ட, நோயற்ற முதியோரின் நினைவில் சிறு முன்னேற்றம் கண்ட ஆய்வுகள் சில உள்ளன. வல்லாரை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017 இல் வெளியான ஆய்வறிக்கையில் அறிவாற்றலில் பயன் நிறுவப்படவில்லை. மறதி நோயுற்றவரை இவை மீட்டதாகத் தக்க சான்று எதற்கும் இல்லை. இதனால் வல்லாரைச் சம்பலை எவரும் ஒதுக்கவேண்டியதில்லை. கீரை கீரையாகவே நல்லது. ‘இயற்கையானது’ என்று பெயரிட்டு இணையத்தில் விற்கப்படும் லேகியமும் சூரணமுமே கவனத்துக்குரியவை. இணையம் வழியாக வாங்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளை அமெரிக்க ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, ஐந்திலொரு பங்கில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்ததாக 2008 இல் அறிவித்தனர். ஈயம் மூளையையே தாக்கும் நஞ்சு. மஞ்சளின் குர்க்குமின் ஆய்வுகூடத்தில் நம்பிக்கை அளித்தபோதிலும், உடல் அதனைச் சொற்ப அளவே உறிஞ்சுகின்றது. நோயாளரிடம் நடத்தப்பட்ட சிறு பரிசோதனைகளில் பயனளிக்கவில்லை.

மூலிகை என்பதற்காக மேலைத்தேய வைத்தியம் இவற்றை ஒதுக்குகிறது என்ற குற்றச்சாட்டு அடிக்கடி எழுவதுண்டு. மேலே குறிப்பிட்ட கலன்ரமின் என்ற மருந்து, பனித்துளிச் செடியெனப்படும் ஐரோப்பியப் பூச்செடியின் கிழங்கில் கண்டறியப்பட்டது. ரிவாஸ்டிக்மினின் மூதாதை ஆபிரிக்க அவரையினமொன்றின் நஞ்சு. தாவரத்திலிருந்து வந்ததா என்பதை எவரும் கேட்கவில்லை. வெறும் மாத்திரையைவிட மேலானதாக விளங்கியதா என்பதே கேட்கப்பட்டது.

ஆயினும் ‘உண்டபின் அம்மா தெளிவாகப் பேசினார்’ என்று பலர் உறுதியாகக் கூறுகின்றனரே என்ற ஐயம் எழலாம். அவர்கள் பொய் கூறவில்லை. மறதி நோய் ஒரே சீராகச் சரிவதில்லை. நல்ல நாளும் கெட்ட நாளும் மாறிமாறி வரும். மிக மோசமான நாட்களைக் கண்டு பதறித்தான் போத்தல் வாங்கப்படுகிறது. அதற்கடுத்து வரும் நல்ல நாட்கள் போத்தலின் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. அத்துடன், புதிய மாத்திரையை நேரந்தவறாமல் கொடுப்பதற்காக மகள் தினமும் அருகில் அமர்கிறாள், தொலைபேசியில் மகன் தினமும் விசாரிக்கிறான். தனித்திருந்த ஒருவரின் முகம் மலர்வதற்கு அதுவே போதும். பெரும் பரிசோதனைகளில் வெறும் மாத்திரை உண்டோர் சிலரும் முன்னேற்றம் காண்பது இதனாலேயே.

பயனில்லாவிட்டாலும் கெடுதல் இல்லைத்தானே என்ற வாதம் அடுத்தது. ஜின்கோ குருதி உறைதலைக் குறைக்கக்கூடும். அஸ்பிரினோ, குளோபிடோகிரெலோ, வார்பரினோ உண்பவருக்கு அது ஆபத்தாகலாம். இருதய நோய்க்காக இம்மருந்துகளை உண்ணாத முதியோர் எமது வீடுகளில் குறைவு. சீனத் தாவரம் ஒன்றிலிருந்து பெறப்படும் ஹூபர்சின் என்ற பொருள் டொனெபெசிலைப் போன்றே தொழிற்படுவதால், இரண்டையும் சேர்த்து உண்டால் நாடித்துடிப்பு தாழ்ந்து மயக்கம் ஏற்படலாம். வெளிநாட்டுப் போத்தலைப் பற்றிக் கிளினிக்கில் வாய்திறப்பவர் அரிது என்பதால் வைத்தியர் இதனை அறிவதில்லை. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு, மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட பொருட்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பும் உண்டு. ஆனால் பயணப் பொதியில் வரும் போத்தல் அதன் பார்வைக்கு வருவதில்லை.

இவையனைத்திலும் பெரிய கேடு கால இழப்பாகும். மறதியுடன் வரும் முதியோர் அனைவருக்கும் அல்ஸைமர் இல்லை. பி-12 குறைபாடு, தைரொயிட் சுரப்பியின் மந்தம், மனச்சோர்வு, விழுந்து தலையில் அடிபட்டுச் சில வாரங்களின் பின் மூளையுறையின் கீழ் தேங்கும் குருதி, சளிக்கும் ஒவ்வாமைக்கும் அரிப்புக்கும் கொடுக்கப்படும் குளோர்பெனிரமின் போன்ற மருந்துகள் என்று மறதியைத் தோற்றுவிக்கும் ஏனைய காரணங்கள் பல. இவை சிகிச்சைக்கு வசப்படுபவை. உரிய நேரத்தில் கவனிக்கப்பட்டால் மாத்திரமே வசப்படுபவை.

வடமராட்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை இக்கட்டுரையாளர் நன்கறிவார். நீரிழிவுக்குப் பத்தாண்டுகளுக்கு மேலாக மருந்து உண்பவர். மரக்கறி உணவே உண்பவர். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கியபோது, ரொறன்ரோவிலுள்ள மகள் ஜின்கோவும் மீனெண்ணெயும் அனுப்பினார். ஏறத்தாழ இரண்டாண்டுகள் அவை தவறாமல் உட்கொள்ளப்பட்டன. கால் விறைப்பு மிகுந்து நடக்கமுடியாமற் போனபோதுதான் அவர் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கு எடுக்கப்பட்ட குருதிப் பரிசோதனையில் பி-12 மிகத் தாழ்ந்திருந்தது. ஊசி ஆரம்பித்துச் சில மாதங்களில் பேச்சு தெளிந்தது. பேரப்பிள்ளைகளின் பெயர்கள் திரும்பின. காலின் விறைப்பு மாத்திரம் முழுமையாக நீங்கவில்லை. இரண்டாண்டுகள் தாமதமாகிவிட்டது என்றார் வைத்தியர்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2019 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில், பி மற்றும் ஈ விற்றமின்களையோ ஒமேகா-3 போன்ற கொழுப்பமிலங்களையோ மறதியைத் தடுப்பதற்கெனப் பரிந்துரைக்கலாகாது எனத் தெளிவாகவே கூறப்பட்டுள்ளது. தடுக்கக்கூடிய வழி எதுவுமே இல்லை என்பதல்ல இதன் பொருள். குறைந்த கல்வி, உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, புகைத்தல், செவிப்புலன் குறைதல், பார்வைக் குறைபாடு, தனிமை உட்பட 14 காரணிகளைச் சீர்செய்தால் உலகில் ஏற்படும் மறதி நோயில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தவிர்க்கவோ தாமதப்படுத்தவோ முடியுமென லான்செற் ஆணைக்குழு மதிப்பிட்டுள்ளது. 9,000 க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2019 இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையில், குருதி அமுக்கத்தை நன்கு கட்டுப்படுத்தியவர்களிடம் இலேசான நினைவுக் குறைபாடு ஏற்படுவது 19 வீதத்தால் குறைந்தது. குருதி அமுக்கத்துக்கான மாத்திரை எமது அரசாங்க கிளினிக்குகளில் இலவசம். அதனை இடைநடுவில் நிறுத்திவிட்டு ஜின்கோ உண்போர் உண்டென்பதே வருந்தத்தக்கது. காது கேளாதவர் உரையாடலிலிருந்து மெல்ல விலகிவிடுகின்றார். மூளைக்கு வேலை குறைகின்றது. செவிப்புலன் கருவி நோயைத் தடுக்குமா என்பது 2023 ஆம் ஆண்டின் பெரும் பரிசோதனையில் முழுமையாக நிறுவப்படவில்லை. ஏற்கனவே ஆபத்து மிகுந்திருந்தோரிடம் மாத்திரம் பயன் தென்பட்டது. நோயைத் தடுத்தாலும் தடுக்காவிட்டாலும் அது காதைக் கேட்கச் செய்கிறது என்பதில் ஐயமில்லை.

மேற்குறிப்பிட்ட ஆசிரியையின் மகள், இனி எதை அனுப்புவது என்று தொலைபேசியில் வைத்தியரிடமே கேட்டார். குருதி அமுக்கம் பார்க்கும் கருவியொன்றும், பரிசோதித்த பின் செவிப்புலன் கருவியொன்றும் என்று பதில் வந்தது. கருவி பொருத்தி ஓராண்டாகிறது. ரொறன்ரோவிலிருந்து வரும் சிறு பொதியில் இப்போது அதற்கான மின்கலங்கள் இருக்கின்றன.